விசுவாசமும் இயற்கை உணவும் இருந்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: நான் கிறிஸ்தவர். சில மாதங்களாகச் சிறுதானியம், கீரை, நடைப்பயிற்சி என்று மாறிவிட்டேன். தினமும் ஜெபிக்கிறேன். இன்னமும் சர்க்கரைக்கு மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்:

நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரே குறைத்தால் சந்தோஷமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. உங்களிடம் அப்படிச் சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னவரும் அன்போடுதான் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது. அன்பாகச் சொல்லும்போது மறுக்க மனசு வராது.

நான் மருத்துவர் இல்லை, ஊழியக்காரியும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. கிராமச் சபையில் வளர்ந்த பள்ளி ஆசிரியை. என் அம்மாவுக்குப் பல வருஷமாகச் சுகர் உண்டு. லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது உபவாச நாட்களில், மதியம் வரை பச்சைத் தண்ணீரோடு இருப்பது அவர்கள் சிறு வயசிலிருந்தே கைக்கொண்ட வழக்கம். சுகர் வந்த பிறகும் விடவில்லை.

ஒரு பெரிய வெள்ளி அன்று, பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை நடக்கும் ஏழு வார்த்தை ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் தனித்தனியாகப் பிரசங்கம் உண்டு. அம்மா காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிட்டு எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். நாலாவது வார்த்தைக்குப் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சேலையெல்லாம் வேர்வையில் நனைந்து, கை நடுங்கி, என்னைப் பார்த்து என் சித்தி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பின்னால் இருந்த ஒரு அம்மா, "உபவாசத்தை முறிச்சிராதீங்க, ஆவியானவர் பெலன் தருவார்" என்று சொல்லித் தலையில் கைவைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். நல்லவேளையாக ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பிள்ளை லீவில் ஊருக்கு வந்திருந்தாள். ஓடிப்போய்ச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் அம்மாவுக்குத் தெளிந்துவிட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு, மயக்கம் வரைக்கும் போயிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அம்மா போட்டுவந்தது கிளிமிபிரைடு. அது கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாம் சாப்பிட்டோமா, பட்டினியா என்று அதற்குத் தெரியாது. மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையை மட்டும் எடுக்கிறவர்களுக்கு இப்படிச் சர்க்கரை இறங்குவது அபூர்வம். ஆகவே "உபவாசம் இருக்கலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த நேரம் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதற்குப் பிறகுதான் அந்த ஊழியக்காரர் வந்தார். வீட்டுக் கூட்டம் முடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருந்தோம். "அம்மா, அந்த மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு விசுவாசத்தில நில்லுங்க" என்றார். அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "ஐயா, எசேக்கியா ராஜா அழுது ஜெபிச்சார். ஆண்டவரும் கேட்டு 15 வருஷம் கூட்டிக் குடுத்தார். அப்படிக் குடுத்த பொறவும் அத்திப்பழ அடையைக் கொண்டாந்து பிளவை மேல பத்துப் போடச் சொல்லி ஏசாயா சொல்லுதாரே! ஜெபம் கேட்கப்பட்ட ராஜாவுக்கே மருந்து வேண்டியிருந்துச்சு. எனக்கு வேண்டாமா?" என்றார்கள். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அம்மா வேதத்தை எப்படி வாசித்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது எழுதும்போதும் பெருமையாக இருக்கிறது.

"தானியேல் பத்து நாள் பருப்பும் மரக்கறியும் தின்று முகம் தெளியவில்லையா" என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். தெளிந்தது உண்மை. ஆனால் தானியேல் நோய் தீர வேண்டும் என்று அதைச் சாப்பிடவில்லை. ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று சாப்பிட்டார். சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதுகிறார். நம் பக்கத்தில் சுவிசேஷமும் மருந்தும் ஒன்றாகத்தான் வந்தன. கன்னியாகுமரிப் பக்கம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838-இல் தொடங்கியது. எவரெஸ்ட் ஏற 1922-இல் வந்த டாக்டர் சோமர்வெல், நெய்யூரில் நோயாளிகள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை வேண்டாமென்று அங்கேயே வந்துவிட்டார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கிய மருத்துவப் பணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா?

உணவால் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி வாசிக்காதீர்கள். அம்மாவுக்கு நிறையவே மாறியது. எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் முடிந்துதான் ராச்சாப்பாடு. ஒன்பது மணி தாண்டிவிடும். அம்மா அதை மாற்றினார்கள். ஏழு மணிக்குச் சாப்பாடு, அப்புறம் கோயில் வரைக்கும் நடை, வந்து ஜெபம். சோற்றைக் குறைத்துப் பாசிப்பயறு, முருங்கைக்கீரை, சாளை மீன் குழம்பு. மில்லில் மையாகத் திரித்த கேப்பைக் கூழை நிறுத்தினார்கள். கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறுகிறது என்று வீட்டுக் கருவியில் குத்திப் பார்த்தே கண்டுபிடித்தோம். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில் மட்டும் இலையில் வைத்ததைச் சாப்பிடுவார்கள், அளவாக. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 9-க்கு மேல் இருந்தது 7 பக்கம் வந்தது. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். பாதியாக்கினார், நிறுத்தவில்லை.

கஷ்டப்பட்டு விட்டது கருப்பட்டிக் காப்பியைத்தான். கருப்பட்டியில் இரும்பு, தாது உண்டு, வெள்ளைச் சீனியை விட மேல் என்பதெல்லாம் சரி. ஆனாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். இயற்கை அங்காடிகளில் "சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்" என்று எழுதி விற்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இன்னொரு ஆத்திரமும் உண்டு, நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தம் இல்லைதான். அந்தக் கருப்பட்டியாவது உண்மையானதா? பதநீரைக் காய்ச்சி எடுப்பதோடு சீனிப் பாகைக் கலந்து அச்சில் ஊற்றுகிறார்கள். பனையேற ஆள் இல்லை. எங்கள் தாத்தா பனையேறி. எங்கள் ஊர்க் கோயில் பனையேறிகள் காணிக்கையில் எழும்பியது. அந்தப் பனைகளைச் செங்கல் சூளைக்கு வெட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-இல் அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் எங்கள் ஊர்த் தேரி (செம்மணல் மேடு) ஓரம் விறகு லோடு போவதைப் பார்த்திருக்கிறேன். சபையில் மாத்திரை போடுகிறவர்களைக் கண்டிக்கிறவர்கள் இதற்காக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டை மாற்றியதையும் நடப்பதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லாமல் சோற்றை மட்டும் குறைத்துப் பழைய அளவு மாத்திரையே போட்டாலும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். எச்.பி.ஏ.1.சி. எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். லெந்து தொடங்குவதற்கு முன்பே உபவாசத்தைப் பற்றிக் கேளுங்கள். அம்மாவுக்குக் காலை மாத்திரையை அந்த நாற்பது நாளும் மதியச் சாப்பாட்டோடு போடும்படி மாற்றிக் கொடுத்தார். அது அவர்களுக்குச் சொன்னது, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுக்கம், வேர்வை, தடுமாற்றம் வந்தால் உபவாசத்தைப் பற்றி யோசிக்காமல் மூன்று டீஸ்பூன் சீனியைக் கரைத்துக் குடித்துவிடுங்கள். அம்மா இப்போது பெரிய வெள்ளிக்கும் வேதாகமப் பையில் ஒரு சீனிப் பொட்டலம் வைத்துக்கொண்டுதான் கோயிலுக்கு வருகிறார்கள்.