காண்டோ பார்க்கிங்கில் சார்ஜர்: எச்.ஓ.ஏ. மறுக்க முடியுமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் எனக்குச் சொந்தமாக ஒரு காண்டோ (அடுக்குமாடி வீடு) இருக்கிறது. கீழ்த்தள கராஜில் ஒரு பார்க்கிங் இடமும் என் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மின்சார கார் வாங்கியதும் அங்கே 240 வோல்ட் சார்ஜர் வைக்க, வயரிங் வரைபடத்தோடு எச்.ஓ.ஏ.வுக்கு (வீட்டு உரிமையாளர் சங்கம்) ஈமெயிலில் விண்ணப்பித்தேன். பத்து வாரம் ஆகியும் எழுத்தில் பதில் இல்லை. நேரில் கேட்டால், "விதியில் இடமில்லை, வயர் பொதுச்சுவர் வழியாகப் போவதால் உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும், இன்சூரன்ஸும் ஏறிவிடும்" என்கிறார் மேனேஜர். நானே ஆள் வைத்து மாட்டிவிடலாமா மேடம்?

பதில்: மாட்டலாம், ஆனால் இந்த வாரம் வேண்டாம். அதற்கு முன் அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

உங்களுக்கான சட்டம் கலிபோர்னியா சிவில் கோடின் 4745-ஆம் பிரிவு. உரிமையாளருக்கென ஒதுக்கிய பார்க்கிங்கில் சார்ஜர் வைப்பதைத் தடுக்கும் எந்த எச்.ஓ.ஏ. விதியும் செல்லாது. எனவே "விதியில் இடமில்லை" என்ற பேச்சு அங்கேயே முடிகிறது. நியாயமான நிபந்தனைகள் போடலாம். அவை செலவை வெகுவாக ஏற்றவோ சார்ஜரின் திறனை வெகுவாகக் குறைக்கவோ கூடாது.

இனி நாள் கணக்கு. விண்ணப்பம் கிடைத்து 60 நாட்களுக்குள் எழுத்தில் மறுக்கவில்லை என்றால், ஒப்புதல் தந்ததாகவே சட்டம் கொள்ளும். வாய்ப்பேச்சு மறுப்பு ஆகாது. உங்களுக்கு 70 நாள் ஓடிவிட்டது. இடையில் கூடுதல் விவரம் கேட்டு நியாயமாக ஏதாவது எழுதியிருந்தார்களா என்று ஸ்பேம் பெட்டியையும் சேர்த்துப் பாருங்கள். எழுதியிருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில்தான். ஒப்புதலிலிருந்து 14 நாட்களுக்குள் பொறுப்புக் காப்பீட்டுச் (லயபிலிட்டி இன்சூரன்ஸ்) சான்றிதழை எச்.ஓ.ஏ.விடம் தர வேண்டும். 60-ஆம் நாளில் ஒப்புதல் என்று நாம் வாதாடினால், 74-ஆம் நாள் கெடு. அதாவது இன்னும் நான்கே நாள். இன்றே இன்சூரன்ஸ் ஏஜென்டை அழைத்து அந்தச் சான்றிதழை வாங்குங்கள். அதோடு ஒரு கடிதம்: விண்ணப்பித்த தேதி, 4745-ஆம் பிரிவு, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனையே அமர்த்துவேன், கட்டட வடிவமைப்பு விதிகளை மதிப்பேன், நிறுவும் செலவும் கரண்ட் பில்லும் என்னுடையது என்ற உறுதி. ஈமெயிலிலும் அனுப்புங்கள், ரசீது வரும் தபாலிலும் அனுப்புங்கள். சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருவதும் உங்கள் பொறுப்பு.

ஓட்டெடுப்பு விஷயம்: பொதுவிடத்தை ஒருவரின் தனி உபயோகத்துக்குக் கொடுக்க 67 சதவீத உறுப்பினர் ஆதரவு வேண்டும் என்பது 4600-ஆம் பிரிவின் பொதுவிதி. உண்மைதான். ஆனால் சார்ஜருக்கான வயரும் மீட்டரும் பொதுவிடம் வழியாகப் போவதற்கு அதே பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. மேனேஜர் பாதிதான் படித்திருக்கிறார்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கக்கூடிய இடம் மின்சாரப் பேனலின் கொள்ளளவு. பழைய கட்டடமாக இருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் லோட் கணக்கு (பேனல் எவ்வளவு மின்சுமை தாங்கும் என்ற கணக்கு) வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மீட்டரிலிருந்து கரண்ட் எடுக்கிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். நகராட்சி பெர்மிட் இல்லாமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள். அந்த ஒரு தவறு போதும், வழக்கு அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

கடிதத்துக்கும் மசியவில்லை என்றால், உள்தகராறு தீர்வுக்கான சந்திப்பை (எச்.ஓ.ஏ.வும் நீங்களும் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது) எழுத்தில் கேளுங்கள். உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அப்புறம்தான் கோர்ட். வேண்டுமென்றே மீறியது நிரூபணமானால் உண்மையான நஷ்டத்தோடு 1,000 டாலர் வரை அபராதம் உண்டு. சட்டத்தை அமல்படுத்தக் கோரும் வழக்கில் நீங்கள் ஜெயித்தால் உங்கள் வக்கீலின் நியாயமான கட்டணமும் அவர்கள் தலையில்தான். எச்.ஓ.ஏ.வின் வக்கீலுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் கடிதத்தின் நகலை மேனேஜரோடு நிறுத்தாமல் போர்டு உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள்.