உறுமலை நிறுத்தினால் துரோகமா?

கேள்வி: 2009-இல் சென்னை ஐ.ஐ.டி. சாரங் விழாவில் ஸ்வீடன் மெட்டல் குழு ஓபெத் வாசித்தபோது கத்திக் கத்தி இரண்டு நாள் குரலே வராமல் கிடந்தவன் நான். 2011-இல் அவர்களுடைய 'ஹெரிட்டேஜ்' ஆல்பம் வந்தது. அடித்தொண்டையில் மிருகம் மாதிரிப் பாடுகிற அந்த உறுமல் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு விட்டதுதான், அதற்கப்புறம் அவர்களுடைய எதையும் கேட்கவில்லை. 2024 ஆல்பத்தில் உறுமல் திரும்பிவிட்டது, கேளுடா என்று அன்று கூட வந்த நண்பன் நச்சரிக்கிறான். ஏமாற்றியவர்களிடம் திரும்பிப் போகலாமா?
- சென்னை வாசகர்

பதில்: போகலாம், ஆனால் நண்பர் சொல்கிற வாசல் வழியாக வேண்டாம்.

அதற்கு முன்னால் அந்த 'ஏமாற்றியவர்கள்'. இவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடியவர்கள் இல்லை. 2003-இலேயே 'டாம்னேஷன்' ஆல்பம் வந்துவிட்டது, முழுக்க மெலோட்ரானும் (பழைய காலத்து கீபோர்டு) மெல்லிய குரலும், அதிலும் ஒரு உறுமல் கிடையாது. அப்போது உங்களுக்கு ஏன் கோபம் வரவில்லை என்றால், சில மாதம் முன்னால்தான் அதோடு சேர்த்துப் பதிவுசெய்த 'டெலிவரன்ஸ்' வந்து செவிட்டில் அறைந்திருந்தது. அண்ணன் அடித்தான், தம்பி தடவிக்கொடுத்தான், கணக்கு சரியாகிவிட்டது. 2008-இன் 'வாட்டர்ஷெட்'டில் 'பர்டன்' பாட்டையும் இன்னொரு தடவை கேளுங்கள். நடுவில் வருகிற அந்த ஆர்கன் அப்படியே எழுபதுகளின் ராக். (கடைசியில் கிடார் வாசிக்க வாசிக்கவே சுருதியைக் கலைத்துவிடுவார்கள், எனக்கு அந்த இடத்தில் இன்னும் பல் கூசும்.)

'ஹெரிட்டேஜ்' கதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழுவின் பாடகர் மிகேல் ஓகர்ஃபெல்ட் முதலில் 'வாட்டர்ஷெட்' பாணியிலேயே பாட்டு எழுத ஆரம்பித்தார், இதே வழியில் போனால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று பாஸ் வாசிக்கும் மார்ட்டின் மெண்டெஸ் சொன்ன பிறகு அவற்றை ஒதுக்கிவிட்டார். அதாவது நீங்கள் எதிர்பார்த்த ஆல்பத்தைச் செய்துபார்த்துச் சலித்துப்போனவர்கள்.

சரி, உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2011 சுற்றுப்பயணத்தில் பழைய உறுமல் பாட்டுகளையே வாசிக்காமல் விட்டது எனக்கும் பிடிக்கவில்லை. ஆல்பம் உங்கள் இஷ்டம், மேடை அப்படியா? (பிறகு மேடையில் திரும்ப உறுமினார்கள், அதைத்தான் நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்கள்.) 'ஹெரிட்டேஜ்' ஆல்பமும் எனக்கு அரைகுறையாகத்தான் படுகிறது. பழைய 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தில் ஒரு அமைதியான கிடார் துண்டு வந்தால் அடுத்து எப்போது இடி விழும் என்று உடம்பு காத்திருக்கும், அந்தக் காத்திருப்புதான் அமைதிக்கே கனம் கொடுத்தது. 'ஹெரிட்டேஜ்'ஜில் இடியை எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் வேறு எதை வைப்பது என்று அப்போது அவர்களுக்குப் பிடிபடவில்லை, அதனால் ஒரு துண்டு முடிந்து இன்னொரு துண்டு சும்மா ஆரம்பிக்கிறது. நீங்கள் தேடியது உறுமலை இல்லை, அந்தக் கனத்தை என்றுதான் நினைக்கிறேன்.

அது 2014-இல் 'பேல் கம்யூனியன்'னில் வேறு உருவத்தில் கிடைத்தது. அங்கே ஆரம்பியுங்கள். கடைசிப் பாட்டு 'ஃபெய்த் இன் அதர்ஸ்', வயலின் கூட்டம் ஏறி ஏறி வருகிற இடத்தை விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்புறம் 2019-இன் 'இன் காடா வெனெனம்', ஆங்கிலத்திலும் உண்டு, ஆனால் ஸ்வீடிஷ் பதிப்பையே எடுங்கள். வார்த்தை புரியாதே என்காதீர்கள், உறுமலில் மட்டும் என்ன புரிந்தது?

இவ்வளவுக்கும் பிறகு 2024-இன் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'டுக்கு வாருங்கள். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒரு பணக்கார வீடு, அப்பா செத்த பிறகு உயில் வாசிக்கிறார்கள், கடைசி ஒன்றைத் தவிர பாட்டுகளுக்குப் பெயரே இல்லை, பத்தி எண்தான். ஜெத்ரோ டல் ராக் குழுவின் இயான் ஆண்டர்சன் புல்லாங்குழல் வாசிக்கிறார், பேசவும் செய்கிறார். உறுமல் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது நிற்பது நீங்கள் கேட்காமல் விட்ட 13 வருடத்தின் மேல். நேராக அங்கே குதித்தால் 'குரல் வந்துவிட்டது, பழைய ஓபெத் எங்கே?' என்று நண்பரோடு இன்னொரு சண்டைதான் வரும்.

'பேல் கம்யூனியன்' மூன்று தடவை கேட்டும் ஒட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள். 'வாட்டர்ஷெட்' வரை 9 ஆல்பம் இருக்கிறதே, அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கப்போவதில்லை. நண்பரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.