‘தேங்க் யூ, சார்’ல அந்த கமா எதுக்கு?

கேள்வி: ஆபீஸ்ல மெயில், வாட்ஸ்அப் எல்லாமே இங்கிலீஷ்லதான். தேங்க் யூ சார், ஓ மை காட், ஹேப்பி பர்த்டே ப்ரியா, ஓ நோ... இதுல எங்க கமா வரும் எங்க வராதுன்னு ஒரே குழப்பம். ஒருத்தர் எல்லாத்துலயும் போடணும்ங்கறார், இன்னொருத்தர் எதுலயும் வேணாம்ங்கறார். நீங்க சொல்லுங்க.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல்ல பார்க்க வேண்டியது, அந்த வரியில யாரையாவது கூப்பிடுறீங்களாங்கறதுதான். கூப்பிட்டா கமா உண்டு. தேங்க் யூ, சார். ஹேப்பி பர்த்டே, ப்ரியா! கம் ஆன், இந்தியா! நடுவுல கூப்பிட்டா ரெண்டு பக்கமும் வரும், ‘யெஸ், சார், ஐ வில் கம்’ங்கற மாதிரி. தமிழ்ல முருகனைக் கூப்பிட்டா முருகான்னு பேரே மாறிடுது, ஸ்கூல்ல எட்டாம் வேற்றுமை, விளி வேற்றுமைன்னு படிச்சோமே அது, ஆனா இங்கிலீஷ்ல பேர் அப்படியேதான் நிக்கும், பேசும்போது குரல் காட்டிடும், எழுதும்போது அந்த வேலைய கமாதான் பார்க்கணும். அதனாலதான் இந்தக் கமாவ விடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

‘காட் சேவ் த கிங்’னு பிரிட்டிஷ்காரங்க பாடுறாங்க இல்லையா, அதுல கமா கிடையாது. கடவுள் ராஜாவக் காப்பாத்தட்டும்ங்கற வாழ்த்து அது, கடவுள் அங்க எழுவாய், அவரைக் கூப்பிடல. காட் பக்கத்துல ஒரு கமா வெச்சுட்டா ‘கடவுளே, ராஜாவக் காப்பாத்து’ன்னு நேரா அவர்கிட்டயே வேண்டுறதா ஆயிடும். ‘லாங் லிவ் த கிங்’, ‘காட் பிளஸ் யூ’ இதெல்லாமும் வாழ்த்துதான், கமா வேணாம்.

அடுத்து இந்த ‘ஓ’. 1906லேர்ந்து வர்ற சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல், அமெரிக்க பதிப்பகங்கள் ரொம்ப மதிக்கிற புத்தகம், ஆச்சரியமா சொல்ற ஓ-வுக்கு அப்புறம் பொதுவா கமா போடச் சொல்லுது. ‘ஓ, யூ ஆர் ரைட்!’ ஆனா ‘ஓ பாய்’ மாதிரி சேர்ந்தே வர்ற தொடர்னா உள்ள கமா வேணாம்ங்குது. ஓ மை காட் அந்த ஜாதிதான், ஒரே மூச்சுல வர்றது, அத உடைக்காதீங்க. அது முடிஞ்சு வேற வாக்கியம் ஆரம்பிச்சா அங்க கமா வரும், ‘ஓ மை காட், வாட் ஹேப்பண்ட்?’ ‘ஓ நோ’வும் அய்யய்யோன்னு பதறும்போது கமா இல்லாமலே நல்லா இருக்கு, ஆனா ஒருத்தர் கேட்டதுக்கு இல்லைங்கன்னு மறுக்கும்போது ‘ஓ, நோ, ஐ டிட்ன்ட் சே தட்’னு பிரிச்சு எழுதுறதுதான் சரி. ஜெபத்துல ‘ஓ லார்ட்’னு, h இல்லாம O மட்டும் போட்டு எழுதுற ஒத்தை எழுத்து ஓ வருது பாருங்க, அதுக்குப் பின்னாடி கமா வரவே வராது.

மெயில்ல டியர் சார்னா டியர் பக்கத்துல கமா கிடையாது, அது சாரோட ஒட்டின அடைமொழி. ஹாய் அப்படி இல்ல, இலக்கணப்படி ‘ஹாய், ப்ரியா’ன்னுதான் வரணும், ஆனா பாதிப் பேருக்கு மேல ஹாய் ப்ரியான்னு எழுதி பேருக்கு அப்புறம் கமா போடுறாங்க, அது இப்ப பழகிப்போச்சு, நான் அத தப்புன்னு சொல்லமாட்டேன். பர்த்டே கார்டுல, கேக்குல எழுதும்போது மட்டும் பேருக்கு முன்னாடி மறக்காம போடுங்க.

கேள்வி: ‘வாட் எ கேட்ச்’ல வாட்டுக்கு அப்புறம் கமா வருமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: வராதுங்க. என்னா கேட்சுடான்னு வியக்குறப்போ அது மொத்தமும் ஒரே தொடர். பிடிச்சவரையும் சேர்த்துக் கூப்பிட்டா பேருக்கு முன்னாடி வரும், ‘வாட் எ கேட்ச், ஜடேஜா!’ வாட்டுக்கு அப்புறம் கமா வெச்சு கடைசில கேள்விக்குறியும் போட்டா அது ‘என்னது, கேட்சா?’ன்னு நம்பாம கேக்குற மாதிரி படிக்க வரும்.