கடலூரின் மின்சாரத்தைக் கணினி வழியாக நிறுத்த முடியுமா?

நெய்வேலி அனல்மின் நிலையங்களும் சிப்காட் ஆலைகளும் உள்ள நம் மாவட்டத்தில், போர் அறிவிக்காமலேயே ஒரு பகைநாடு மின்சாரத்தைத் துண்டிக்க முடியுமா, அதற்குத் தடுப்பு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில், மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குள் புகுந்தவர்கள், ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் அம்புக்குறியை நகர்த்தி, துணைமின் நிலையங்களின் பிரேக்கர்களை, அதாவது திறந்தால் மின்சாரம் நின்று மூடினால் பாயும் சுவிட்சுகளை, திறந்துவிட்டார்கள், ஏறத்தாழ 2.25 லட்சம் இணைப்புகள் இருண்டன. புகார் எண்ணிலும் போலி அழைப்புகளைக் குவித்து, உண்மையான புகார்கள் வந்து சேராமல் தடுத்தார்கள். இவ்வளவுக்கும் வாசலாக அமைந்தது, பல மாதங்களுக்கு முன் மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்புதான்.

ஆகவே அலுவலகக் கணினிகளின் வலையமைப்பும் இயந்திரங்களை இயக்கும் வலையமைப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து பராமரிப்புக்காகத் தரப்படும் இணைப்பு, வேலை முடிந்ததும் மூடப்பட வேண்டும். பென் டிரைவும் ஒரு வாசலே. தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் உள்ள விதி.

என் பார்வையில் இவற்றைவிட முக்கியமானது, இயந்திரங்களைக் கையால் இயக்கும் பழக்கம். உக்ரைனில் ஊழியர்கள் நேரில் சென்று பிரேக்கர்களைக் கையால் மூடியதால்தான் சில மணி நேரங்களில் விளக்கெரிந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்த மின்கம்பங்களை நட்டு நிமிர்த்திய ஊர் இது. அத்தகைய அனுபவமுள்ள ஊழியர்களைக் கொண்டு, கணினித் திரை இல்லாமல் துணைமின் நிலையத்தையும் குடிநீர் மோட்டாரையும் இயக்கும் ஒத்திகையை ஆண்டுதோறும் நடத்த வேண்டும்.