உளுந்துக் காட்டில் தாழப் பறக்கும் பழுப்புப் பருந்து எது?

கேள்வி: ஐயா, எங்கள் உளுந்துக் காட்டின் மேல் மார்கழிக் கடைசியிலிருந்து ஒரு பழுப்புப் பருந்து காலையிலும் மாலையிலும் வருகிறது. செடிகளை உரசுவதுபோலத் தாழப் பறக்கிறது. முதுகுப்புறத்தில் வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறது. வயிறு கோடில்லாத செங்காவி நிறம். நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் கரும்பருந்தும் இல்லை, செம்பருந்தும் இல்லை. என் மகள் எடுத்த படங்களை இணைத்துள்ளேன். இது என்ன பறவை?
– ஒரு விவசாயி, விளாத்திகுளம் வட்டம்

பதில்: நீங்கள் பார்த்தது பூனைப்பருந்து வகையைச் சேர்ந்தது. நீண்ட வால், ஒடுங்கிய நீள் இறக்கை, மிதக்கும்போது இரு இறக்கைகளையும் சற்றே மேல்நோக்கி உயர்த்திப் பிடிக்கும் பாங்கு, பயிரின் தலைக்கு மேலேயே பறந்து இரை தேடும் பழக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் இந்த வகை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆந்தையைப் போல இவற்றின் முகமும் வட்டத் தட்டாக அமைந்திருப்பதால், செடிக்குள் எலி அசையும் ஒலியைக் கேட்டே பாய்ந்துவிடும்.

எந்த இனம் என்பதுதான் கடினமான கேள்வி. குளிர்காலத்தில் கரிசல் நிலங்களுக்கு மொன்டேகு பூனைப்பருந்து, வெளிர் பூனைப்பருந்து ஆகிய இரண்டும் வருகின்றன. பெண் பறவைகளும் முதலாண்டு இளம் பறவைகளும் இரண்டு இனத்திலுமே பழுப்பு நிறம். வால் அடியின் வெள்ளைத் திட்டும் இரண்டுக்கும் உண்டு. ஆகவே அத்திட்டை வைத்து இனத்தைப் பிரிக்க முடியாது. வயிற்றில் கோடுகள் இல்லாததால் உங்கள் பறவை முதிர்ந்த பெண் அல்ல, கடந்த கோடையில் பிறந்த இளம் பறவை என்பது மட்டும் தெளிவாகிறது.

இனத்தைக் காட்டிக்கொடுப்பது கழுத்துதான். உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கன்னத்தில் பிறைபோன்ற கரும்பழுப்புத் திட்டு ஒன்று அலகின் அடிவரை நீள்கிறது, அதற்குப் பின்னால் துண்டு சுற்றியதுபோல ஒரு வெளிர் பட்டை கழுத்தை வளைத்து ஓடுகிறது, அந்தப் பட்டைக்குப் பின்னால் கழுத்தின் பக்கங்கள் மறுபடி கருத்துவிடுகின்றன. இந்த மூன்றும் அடுத்தடுத்து அமைவது வெளிர் பூனைப்பருந்தின் இளம் பறவையில்தான். மொன்டேகு இளம் பறவைக்குக் கண்ணைச் சுற்றி வெண்மை அதிகம். கன்னத் திட்டு சிறியது, அலகை எட்டாது. கழுத்தின் பக்கங்கள் கருப்பாக இல்லாததால் பட்டை என்று சொல்லும்படி எதுவும் எடுப்பாகத் தெரியாது. இறக்கையின் அடிப்புறம் தெரியும் மூன்றாவது படமும் இதையே உறுதி செய்கிறது: மொன்டேகு இளம் பறவையின் இறக்கை நுனி விரல்கள் முழுவதும் கருமையாக இருக்கும், உங்கள் பறவையின் நுனி வெளிர்ந்து, வரிகளுடன் காணப்படுகிறது. எனவே இதை வெளிர் பூனைப்பருந்து என்றே பதிவு செய்யலாம். கஜகஸ்தான், தென் ரஷ்யா ஆகிய பகுதிகளின் புல்வெளிகளில் கூடு கட்டும் இந்த இனம், உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. உங்கள் காட்டைத் தேடி அது வந்திருப்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

ஓர் எச்சரிக்கை: செங்காவி நிறம் வெயிலில் வெளுத்துக்கொண்டே போகும், மாசி பிறந்த பிறகு நிறத்தை நம்பாமல் முகத்தையும் கழுத்தையும் மட்டுமே நம்புங்கள். அவை சரியாகத் தெரியாதபோது ‘மொன்டேகு அல்லது வெளிர்’ என்று எழுதிவைப்பதே நேர்மையான பதிவு. ஊகித்து எழுதும் பெயரைவிட அதற்கே மதிப்பு அதிகம்.

கேள்வி: எங்கள் பகுதியில் வெளிர் சாம்பல் நிறப் பூனைப்பருந்து ஒன்று வருகிறது. அது எந்த இனம்?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: சாம்பல் நிறம் என்றால் ஆண் பறவை, ஆணைப் பிரிப்பது எளிது. இறக்கையின் மேல்புறத்தில் கருங்கோடு ஒன்று நெடுக ஓடினால் மொன்டேகு. கோடே இல்லாமல், நுனியில் மட்டும் ஆப்பு வடிவில் கருமை இருந்து, அடிப்புறம் ஏறத்தாழ வெள்ளையாகத் தெரிந்தால் வெளிர் பூனைப்பருந்து. தோள்பட்டையில் கருப்பு இருந்து, ஒரே இடத்தில் சிறகடித்து நின்றால் அது பூனைப்பருந்தே அல்ல, கருந்தோள் பருந்து.

கேள்வி: இவை கோழிக்குஞ்சுகளைத் தூக்குமா?
– ஒரு வாசகர், ஓட்டப்பிடாரம்

பதில்: வீட்டு முற்றத்துக்கு வந்து குஞ்சு தூக்குவது பெரும்பாலும் வல்லூறும் கரும்பருந்தும்தான். பூனைப்பருந்து திறந்த வெளியை விட்டு வருவதில்லை; வெட்டுக்கிளி, எலி, ஓணான், வானம்பாடி போன்றவையே அதன் இரை. இரவில் மரத்தில் அடையாமல் தரிசு நிலத்தின் உயர்ந்த புல்லுக்குள், தரையிலேயே கூட்டமாக அடையும். ஆகையால் உங்கள் பக்கத்துத் தரிசில் மாலையில் இவை இறங்குவதைக் கண்டால், பங்குனி முடியும்வரை அந்தப் புல்லுக்குத் தீ வைக்காமலும், ஆடுமாடுகளை அந்தி நேரத்தில் அதற்குள் ஓட்டாமலும் இருக்கும்படி நிலத்துக்காரரிடம் சொல்லுங்கள்.