டீச்சர் பதில்கள்: பீப்பாய்க்குள் நூறு வருஷம்

போன மாசம் ஏற்காட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 'ஆன் அமெரிக்கன் பிக்கிள்' என்ற படம் போட்டோம் என்று இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். 2020-இல் வந்த நகைச்சுவைப் படம். கிழக்கு ஐரோப்பாவில் ஷ்லுப்ஸ்க் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே பள்ளம் தோண்டிப் பிழைக்கும் யூதக் கூலி ஹெர்ஷல் கிரீன்பாம். கல்யாணத்தன்றே கொசாக் குதிரைக்காரர்கள் வந்து ஊரை அழித்துவிட, மனைவி சாராவோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறான். புரூக்ளினில் ஓர் ஊறுகாய் ஆலையில் எலி அடிக்கிற வேலை. ஒரு நாள் வெள்ளரிக்காய் ஊறும் உப்புத்தண்ணீருக்குள் விழுகிறான், ஆலையையும் மூடிவிடுகிறார்கள். நூறு வருஷம் கழித்து வயசு ஒரு நாள்கூடக் கூடாமல் எழுந்து வருகிறான். சொந்தம் என்று மிச்சமிருப்பது பென் என்ற கொள்ளுப்பேரன் ஒருவன்தான். தாத்தா, பேரன் இரண்டு வேஷமும் சேத் ரோகன் என்ற ஒரே நடிகர்தான்.

அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த இதழ் முழுக்க அதற்கே.

"காமெடிப் படம் என்று நம்பி வீட்டோடு உட்கார்ந்து பார்த்தோம், டீச்சர். முதல் அரை மணி நேரம் நன்றாகப் போனது. அப்புறம் இடுகாடு, பிரார்த்தனை, அழுகை என்று திரும்பிவிட்டது. இதைப் போய் ஏன் சிபாரிசு செய்தீர்கள்?" (வாசகர், அஸ்தம்பட்டி)

உங்கள் ஏமாற்றம் நியாயம். எங்கள் கூடத்திலும் சிரிப்பு ஒரு இடத்தில் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் சுவரோரம் நின்று வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு வந்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒண்டிக்கடையிலிருந்து இரண்டு குடும்பம். வீட்டிலேயே சோடாத் தண்ணி வரும் மெஷினைப் பார்த்து ஹெர்ஷல் வாயைப் பிளந்தபோது கூடமே குலுங்கியது. குடிக்க ஒரு வாய் சோடா கிடைக்காதா என்று ஊரில் ஏங்கியவன் அல்லவா!

அடுத்து பென் அவனை இடுகாட்டுக்குக் கூட்டிப்போகிறான். சாராவின் கல்லறை அங்கேதான். பக்கத்திலே பெரிய சாலை, கல்லைச் சுற்றிப் புதர், தலைக்கு மேலே வோட்கா விளம்பரப் பலகையை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். சாரா ஊரில் இருந்தபோது ஆசைப்பட்டது என்ன தெரியுமா? தன் பேரில் சொந்தமாக ஒரு கல்லறைக் கல் வாங்குகிற அளவுக்குப் பணம் சேர வேண்டும் என்பதுதான். அந்தக் கல்லுக்கு வந்த கதியைப் பார்த்ததும் கூடம் அடங்கிப்போனது. நானும் மேற்கொண்டு சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

என் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் சிபாரிசு செய்தேன் என்பது புரியும். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர் எங்கள் அப்பாரு, அப்பாவைப் பெற்றவர். நான் பிறந்தது அங்கே, லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டில். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களைப் பற்றி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆளைப் பங்கு வைத்தார்கள். நாங்கள் இந்தியாப் பங்கு. அப்பாரு 1966-இல் அங்கேயே இறந்துபோனார். தேயிலை மலை ஓரத்தில் புதைத்து, தலைமாட்டில் ஒரு கல்லும் கால்மாட்டில் ஒரு முள்முருங்கைக் கொம்பும் நட்டார்கள். 1971-இல் நாங்கள் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அப்பா ஒரு பழைய பால் டின்னில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு அங்கே போனார். நானும் கூடப் போனேன். தென்னை நார்க் கட்டையால் அந்தக் கல்லுக்கு இரண்டு பூச்சு பூசினார். ஒரு பூச்சு காயும்வரை உட்கார்ந்திருந்து இரண்டாவது பூச்சு. மழை ஊர், ஒரு மாசம்கூடத் தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தோம், மண்டபம் முகாம், அங்கிருந்து சேலம், கடைசியில் இந்த மலையில் காப்பித் தோட்டம். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அப்பா தெற்கு பார்த்து எள்ளும் தண்ணியும் இறைப்பார். எல்லாரும் தெற்கு பார்த்துத்தான் இறைக்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு அந்தத் திசையில் நிஜமாகவே ஒரு கல் இருந்தது.

ஹெர்ஷல் அந்த விளம்பரப் பலகையைப் பெயர்க்கப் பணம் வேண்டும் என்று குப்பையில் போட்ட வெள்ளரிக்காயைப் பொறுக்கி, மழைத்தண்ணியில் ஊறப்போட்டு, தள்ளுவண்டியில் விற்கப் போகிறானே, அங்கே நீங்கள் சிரித்தீர்களா, ஐயா? எங்கள் கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், எங்கள் கப்பலிலேயே வந்தவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரே காட்சிதான். காமெடி என்று எழுதியிருந்த சீட்டை நம்பி வந்தவர்களுக்கு அவ்வளவும் கிடைத்ததே என்றுதான் நான் சந்தோஷப்பட்டேன்.

"ஹெர்ஷல் இங்கிலீஷ் பேசுகிற விதத்துக்கு நானும் என் தோழிகளும் விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டுக்குப் போனதும் மனசு உறுத்தியது. சிரித்தது தப்பா?" (மாணவி, செவ்வாய்ப்பேட்டை)

தப்பில்லை கண்ணு. படமே சிரிக்கச் சொல்லித்தான் கேட்கிறது. ஆனால் உறுத்தியது என்று எழுதினாய் பார், அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சேலத்தில் எனக்கு முதல் பள்ளிக்கூடம். பன்னிரண்டு வயசு. மதியம் பெட்டிக்கடையில் போய் "ஒரு பாண் குடுங்க" என்று கேட்டேன். ரொட்டியை நாங்கள் அங்கே பாண் என்றுதான் சொல்வோம். கடைக்காரருக்குப் புரியவில்லை. வெற்றிலையை எடுத்து நீட்டினார். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்வரை என் பெயர் 'பாண்'. அங்கே இருந்தவரைக்கும் கள்ளத்தோணி, இங்கே வந்தால் சிலோன்காரி. ரொட்டி என்று சொல்லப் பழகிவிட்டேன். அம்மா மட்டும் கடைசிவரை மாறவில்லை. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று நான் சுற்றிமுற்றிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஹெர்ஷலின் தாய்மொழி இத்திஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய மொழி. அந்த ராகம்தான் அவன் இங்கிலீஷில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவனைப் பேசவைத்தவர் தன் குடும்பத்துப் பெரியவர்களின் பேச்சைப் பிரியமாகக் காதில் வைத்திருப்பவர் என்றுதான் எனக்குப் பட்டது. மட்டம் தட்டுகிற சிரிப்பாக எனக்குத் தோன்றவில்லை.

"உப்புத்தண்ணீரில் மனுஷன் நூறு வருஷம் கெடாமல் இருப்பானா?" (வாசகர், ஆத்தூர்)

மாட்டான். படத்திலும் ஒரு விஞ்ஞானி வந்து காரணம் சொல்கிறார், ஆனால் நம் காதில் ஒரு வார்த்தை விழாமல் கடத்திவிடுகிறார்கள். எனக்கு அது பிடித்தது.

"இரண்டு சேத் ரோகனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்களே, எப்படி எடுத்தார்கள்?" (வாசகர், கன்னங்குறிச்சி)

தாடியை நிஜமாகவே வளர்த்து, முதலில் ஹெர்ஷல் வரும் காட்சிகளை முடித்து, பிறகு மழித்துவிட்டு பென்னாக நடித்திருக்கிறார். தன்னோடு தானே கோபப்பட்டுச் சண்டை போடுவதாக நடிக்க வேண்டும். சுலபமில்லை.

நீங்கள் கன்னங்குறிச்சிக்காரர், ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவைத் தாண்டித்தான் தினமும் போவீர்கள். தமிழில் ஒரே நடிகர் இரட்டை வேஷம் போட்ட முதல் படம் 1940-இல் வந்த 'உத்தம புத்திரன்'. டி.ஆர். சுந்தரம் எடுத்தது, பி.யு. சின்னப்பா நடித்தது, மாடர்ன் தியேட்டர்ஸ் படம். லென்ஸில் பாதியை மறைத்து ஒரு பக்கம் எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு பக்கம் எடுப்பது அந்தக் காலத்து வழக்கம். கேமரா இம்மி அசைந்தாலும் மொத்தமும் வீண். இன்றைக்கு அந்த வளைவு மட்டும் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

"காஸாவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த செய்தியை வருஷக்கணக்கில் பார்த்துவிட்டு, யூதர் படம் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?" (வாசகி, கோரிமேடு)

கோபமாக எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் குழந்தைகளை நினைத்து நானும் தூங்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் ஹெர்ஷல் ஊரைவிட்டு ஓடும் காலத்தில் இஸ்ரேல் என்ற நாடே கிடையாது, அது 1948-இல் வந்தது. 1880-களிலிருந்து 1924 வரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா போனார்கள். தையல்காரர்கள், கூலிகள், தள்ளுவண்டிக்காரர்கள். 1924-இல் சட்டம் போட்டு அந்தக் கதவையும் குறுக்கிவிட்டார்கள். வீட்டை எரித்துத் துரத்தப்பட்ட ஒரு கூலிக்காரனைப் பார்த்து நான் கண்ணீர் விட்டால், காஸாவில் வீடு இழந்தவருக்காக விடும் கண்ணீர் அதனால் குறைந்துவிடாது, அம்மா. அடுத்த முறை நீங்களும் வாருங்கள். படம் முடிந்ததும் இதையே எல்லார் முன்னாலும் கேளுங்கள்.

"பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று வருகிறதே, ஏன் பத்து?" (வாசகர், நாகலூர்)

இறந்தவர்களுக்காகச் சொல்லும் அந்தப் பிரார்த்தனைக்குக் கதீஷ் என்று பெயர். பெரும்பகுதி அரமேயம் என்ற பழங்கால மொழியில் இருக்கிறது. தனியாகச் சொல்லக்கூடாது, வயது வந்த பத்துப் பேர் கூட இருக்க வேண்டும். பழைய வழக்கப்படி பத்து ஆண்கள். தாய் தகப்பனுக்குப் பிள்ளை பதினோரு மாசம் சொல்கிறான், பிறகு வருஷா வருஷம் அந்தத் திதியில். இதில் ஒரு விசேஷம் உண்டு. சாவு என்ற வார்த்தையே அதில் வராது. முழுக்கக் கடவுளைப் போற்றுவதுதான்.

துக்கம் உள்ளவனைத் தனியாக விடக்கூடாது என்று விதியே போட்டு வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். நம் கருமாதிக்குப் பங்காளிகள் கூடினால்தான் காரியம் நடக்கும் என்பதும் அதற்காகத்தான் இருக்க வேண்டும். அப்பா அம்மாவை விபத்தில் பறிகொடுத்த பென், ஒரு நாளும் அதைச் சொல்லாதவன், கடைசியில் முன்பின் தெரியாத ஆட்கள் நடுவில் நின்று சொல்கிறான். எந்த ஊரில் என்று சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் பார்க்கட்டும்.

"குறையே இல்லையா உங்களுக்கு?" (வாசகி, அம்மாப்பேட்டை)

இருக்கிறது, பெரிய குறை. சாராவின் ஆசையில்தான் மொத்தக் கதையும் ஓடுகிறது, ஆனால் அவளுக்குக் கிடைப்பது முதல் சில நிமிஷம். புருஷன் காணாமல் போனபின் வயிற்றுப் பிள்ளையோடு அந்தப் பட்டணத்தில் அவள் எப்படிப் பிழைத்தாள்? எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு பெண் படம் முடிந்ததும் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். "அந்தப் புள்ள என்ன பண்ணிச்சு டீச்சர், யாரு சோறு போட்டா?" என்னிடம் பதில் இல்லை, படத்திலும் இல்லை. ஹெர்ஷல் கண்டபடி பேசி, ஜனம் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடி உடனே தூற்றுகிற பகுதியும் இழுவை. அந்த நேரத்தைச் சாராவுக்குக் கொடுத்திருக்கலாம்.

"அந்த வெள்ளரிக்காய் ஊறுகாயை நம் வீட்டில் போட முடியுமா?" (வாசகி, குகை)

போட்டுவிட்டோம்! படம் பார்த்த மறுநாளே எங்கள் தெரு அம்மாயி ஒருவர் கேட்டு வந்துவிட்டார். எழுபது வருஷமாக மாவடு போடுகிற கை. எண்ணெய் இல்லை, மிளகாய்த்தூள் இல்லை, வெறும் உப்புத்தண்ணி என்றதும், "அப்ப மாவடு மாதிரித்தானே" என்றார். அவர் மாவடுக்குப் படிக்கணக்கில் எட்டுக்கு ஒன்று உப்பு போடுபவர். இதற்கு அவ்வளவு வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணிக்கு நாற்பது, ஐம்பது கிராம் கல் உப்பு போதும். பிஞ்சு வெள்ளரி, தட்டிய பூண்டு, மிளகு. அமெரிக்காவில் போடும் இலைக்கு நம் ஊரில் சதகுப்பை என்று பெயர். இலை கிடைக்கவில்லை, செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் விதை கிடைத்தது. அம்மாயி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது புள்ள பெத்தவளுக்குக் குடுக்கிறதாச்சே" என்றார். காய் தண்ணிக்கு மேலே தலைகாட்டக் கூடாது, சின்னத் தட்டை வைத்து அமுக்குங்கள்.

நாலாம் நாள் தண்ணி கலங்கியது, எனக்குப் பயம். அது கெட்டதல்ல, புளிக்கிறது. தயிரைப் புளிக்கவைக்கிற சாதி நுண்ணுயிர்தான் இதையும் புளிக்கவைக்கிறது. மலைக்குளிருக்கு ஒன்பது நாள் ஆனது, உங்கள் குகை வெயிலுக்கு நாலைந்து நாள் போதும். அம்மாயி ஒரு துண்டைக் கடித்து, ரொம்ப நேரம் மென்று, "உப்பு சரியா இருக்கு, அந்த ஊர்க்காரி இதுக்கு என்ன சோறு வெச்சிருப்பா?" என்று கேட்டார். கறுப்பு ரொட்டி என்றேன். வாய்தவறி, பாண் என்றுதான் சொன்னேன்.