பின்சீட்டுக்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடற்படை ஹெலிகாப்டர்களைப் பற்றி ஆறு மாதமாகத் தேடித்தேடிப் படிக்கிறேன். நீர்மூழ்கியை வேட்டையாட ஒன்று, கப்பலைத் தாக்க இன்னொன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லதா, இரண்டையும் செய்யும் ஒரே வகை நல்லதா? இன்றைக்கு உலகிலேயே சிறந்தது எது? ட்ரோன்கள் வந்துவிட்டன. பைலட்டே தேவையில்லை எனும்போது, பின்னால் உட்கார்ந்து பட்டன் தட்டுகிற ஆள் எதற்கு?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். ‘பட்டன் தட்டுகிற ஆள்’ என்று எழுதிவிட்டீர்கள். என் பெரியப்பா அந்த இருக்கையில் உட்கார்ந்தவர். சில வாரங்களாக அவர் நினைவாகவே இருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் கப்பல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். கப்பலில் 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் ராடாருக்குக் கடல்மட்டம் 18 கிலோமீட்டர் வரைதான் தெரியும். அதற்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆயிரம் மீட்டர் மேலே ஏறிய ஹெலிகாப்டருக்கு 130 கிலோமீட்டர் தெரியும். 1991 வளைகுடாப் போரில் பிரிட்டனின் லிங்க்ஸ் ஹெலிகாப்டர்கள் சீ ஸ்குவா ஏவுகணைகளால் இராக்கியப் படகுகளை வரிசையாக அழித்தது இந்த உயரத்தின் பலத்தால்தான். மேற்பரப்பில் இருப்பதைப் பார்க்க முடியும், பார்த்ததை அடிக்க முடியும். அவ்வளவுதான் அதில் விஷயம். உலகிலேயே சிறந்தது எது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எந்தக் கடலில், எந்தக் கப்பலிலிருந்து, யார் ஓட்டி, யார் கேட்பது என்று சொல்லாமல் அதற்குப் பதிலே கிடையாது.

நீர்மூழ்கியைப் பார்க்க முடியாது. கேட்கத்தான் வேண்டும். ஆறு மாதம் படித்தும் இந்த வித்தியாசம் உங்களுக்கு உறைக்கவில்லை என்றால், நீங்கள் படித்ததெல்லாம் டார்பிடோவின் (நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் ஆயுதம்) எடையும் எஞ்சினின் குதிரைத்திறனும் மட்டும்தான். எனக்கு அதில் கோபமே வருகிறது.

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 பாக்லாந்து போரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 25 அன்று தெற்கு ஜார்ஜியா தீவருகே அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நீர்மேல் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்து நீர்மூழ்கி அது. பழைய வெஸ்ஸெக்ஸ் ஹெலிகாப்டர் ஒன்று ராடாரில் அதைப் பிடித்து, நீருக்குள் வெடிக்கும் இரண்டு ஆழ்வெடிகளைப் போட்டது. அதற்குப் பிறகு அதனால் முங்க முடியவில்லை. அடுத்தடுத்து வந்த ஹெலிகாப்டர்களும் தாக்க, கிரிட்விக்கன் துறைக்கே திரும்பிப் போய் அங்கே கைவிடப்பட்டது. இதை எல்லோரும் எழுதுகிறார்கள். அதே போரில் சான் லூயிஸ் என்ற இன்னொரு நீர்மூழ்கியும் இருந்தது. அது நீருக்கடியிலேயே இருந்தது. வாரக்கணக்கில் பிரிட்டிஷ் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் தேடின. டார்பிடோக்களும் ஆழ்வெடிகளும் வீணானதுதான் மிச்சம், பல எதிரொலிகள் திமிங்கிலங்களுடையவை. சான் லூயிஸ் பத்திரமாக வீடு திரும்பியது. அத்தனை பெரிய கடற்படைக்கு ஆயுதத்திலா குறை? கடல் அவர்கள் காதைக் குழப்பிவிட்டது.

கடல் எப்படிக் குழப்பும் என்று சொல்கிறேன். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகிறது. ஆனால் நேராகப் போவதில்லை. வெயிலில் மேல்நீர் சூடானால் ஒலி கீழ்நோக்கி வளையும். 1930களில் அமெரிக்கக் கடற்படையில், காலையில் நன்றாக வேலை செய்த சோனார், அதாவது ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் கருவி, பிற்பகலானால் மந்தமாவதைக் கண்டு தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஆட்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிகிறார்கள் என்றுகூட நினைத்தார்களாம். காரணம் அந்தச் சூடான மேல்நீர்தான். அதற்குக் கீழே பதுங்கிய நீர்மூழ்கியைப் பொறுத்தவரை, கப்பலின் அடியில் உள்ள சோனார் கிட்டத்தட்ட செவிடு. ஹெலிகாப்டர் அங்கேதான் வேலைக்கு வருகிறது. 15, 20 மீட்டர் உயரத்தில் அசையாமல் நின்று, நீண்ட கம்பியில் சோனாரை இறக்கி, அந்தச் சூட்டு அடுக்கைத் தாண்டிக் காதைக் கீழே கொண்டுபோய் வைக்கிறது. சில நிமிடம் கேட்கும். தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குத் தாவும். மறுபடி இறக்கும். இரவெல்லாம் இதே வேலை.

இப்போது உங்கள் பட்டன் தட்டும் ஆளுக்கு வருவோம். சோனார் ‘பிங்’ என்று ஒலியை அனுப்புகிறது. முதலில் கடலே அதைத் திருப்பிச் சொல்லும், ஒரு நீண்ட முனகல்போல. அந்த முனகலுக்குள் ஒரு சின்ன எதிரொலி இருக்கும். அதன் சுருதி முனகலைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தால் அந்தப் பொருள் நம்மை நோக்கி வருகிறது, இறங்கியிருந்தால் விலகிப் போகிறது. மாறாமல் இருந்தால் பாறையாகவோ மூழ்கிய பழைய கப்பலாகவோ இருக்கலாம், குறுக்கே போகிற நீர்மூழ்கியாகவும் இருக்கலாம். திமிங்கிலமும் நகரும், அதனால் அதுவும் சுருதியை மாற்றும். தலைக்கு மேல் எஞ்சின் அலறுகிறது, உடம்பெல்லாம் நடுங்குகிறது, அந்தச் சின்னச் சுருதி வித்தியாசத்தை ஒரு மனிதர் பிடிக்க வேண்டும். இன்று கணினி பெருமளவு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் இது அதுதானா என்று சொல்லும் பொறுப்பை ஒருவர்தான் சுமக்கிறார்.

பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே ஒரு நொடி நிற்பார். உள்ளே மின்விசிறி ஓடும். “பேரிங் போகப் போகுது, மாத்திடு” என்பார். நான் மாற்ற மாட்டேன். பத்து நாளில் அது கடகடக்கும். அதே மனிதருக்கு ஐம்பது வயதுக்குள் தொலைபேசி மணி கேட்காமல் போனது. வருடக்கணக்கில் ஹெலிகாப்டருக்குள் இருந்ததில் மேல்சுருதி ஒலிகள் முதலில் போய்விட்டன. பேத்தி கீச்சுக்குரலில் ஏதாவது சொன்னால் என் முகத்தைப் பார்ப்பார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் அவர் திரும்பத்திரும்பச் சொல்வார். ஒரு பயிற்சி இரவு. நாற்பது நிமிடமாக ஒரு எதிரொலி. சுருதி ஏறியிருக்கிறது. எரிபொருள் குறைகிறது. முன்னாலிருந்து அதிகாரி கேட்கிறார், நீர்மூழ்கிதானா? ஆமாம் என்றால் பயிற்சியில் ஜெயித்ததாகக் கணக்கு. பெரியப்பா சொன்னது, “தெரியலை சார்.” மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். இறங்கிய பிறகு எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாள் பார்த்தால் அவர்கள் தேடிய நீர்மூழ்கி அந்தப் பக்கமே வரவில்லை. யாரும் அவரிடம் வந்து எதுவும் சொல்லவில்லை.

கார்த்திக், ஒரே வகையா தனித்தனியா என்று கேட்டிருந்தீர்கள். சிறிய கப்பலில் ஒரு ஹெலிகாப்டருக்குத்தான் இடம், அதனால் இரண்டையும் செய்வதே வசதி. ஆனால் வாங்கும்போது பின்சீட்டுக்காரருக்கு எத்தனை வருடப் பயிற்சி தரப்போகிறார்கள் என்று யாராவது கேட்கிறார்களா, அதைப் படித்துப் பாருங்கள்.

பெரியப்பா போன மாதம் காலமானார். கடைசி நாட்களில் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு, கட்டில் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே படுத்திருப்பார். யாராவது அறைக்குள் நடந்து வந்தால், கண்ணைத் திறக்காமலே யார் என்று சொல்லிவிடுவார்.